ஈர அரிசி

ஸ்தனிஸ்லாஸ் ஒரு வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டால் அரிசி வாங்காமல் நகரமாட்டார் என்று திண்டுக்கல்லில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குத் தலைகால் புரியாது. நெடுநெடுவென்று வளர்ந்த ஆள்; புகையிலைச் சாறு ஏறிக் கருத்துப்போன விரல்கள்; இருமல் மறிக்காத நேரமெல்லாம் ஓயாத பேச்சு. எந்த வீட்டு அம்மாவையும் சிரிக்க வைத்துவிடுவார். சிரித்த முகத்தால் இல்லை என்று சொல்ல முடியாது என்பது அவர் கண்டுவைத்திருந்த ரகசியம்.

இப்படி அரிசி வாங்க வருவதற்கு முன்னால் அவர் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தார். சிறுவனாகப் போய்ச் சுருட்டுக் கம்பெனிப் பாயில் உட்கார்ந்தவரை நெஞ்சில் தூசி அடைத்த பிறகுதான் எழுப்பினார்கள். "இருமுறவன் சுத்துன சுருட்ட எவன்யா வாயில வப்பான்?" என்று சொல்லி முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மனைவி சகாயராணி நாலு வீட்டுக்கு மாவாட்டப் போனாள். அது இரண்டு வேளைக்குக்கூடப் போதவில்லை. பையன்கள் இருவரையும் தெருவில் விட மனமில்லாமல், பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஷாப்புகளை ஒட்டி இருந்த கஞ்சிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

கஞ்சிப் பள்ளிக்கூடம் என்பது ஊர் வைத்த பெயர். அமலராணி டீச்சர் அதற்கு ஒரு புனிதரின் பெயரைத்தான் வைத்திருந்தார். யாரும் அதைச் சொல்லவில்லை. பழைய புகையிலைக் கிட்டங்கி ஒன்றில் அந்தப் பள்ளிக்கூடம் நடந்தது. தோல் கழுவுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள் இவர்களுடைய பிள்ளைகள்தான் அங்கே வந்தார்கள். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்குவது கிடையாது. மத்தியானம் ஒரு தட்டு கஞ்சி உண்டு. அந்தக் கஞ்சிக்காகத்தான் பாதிப் பிள்ளைகள் வருகிறார்கள் என்பது டீச்சருக்கும் தெரியும். "வவுத்துக்கு வந்த புள்ளைங்கதான் அப்புறம் எழுத்துக்கு இருக்கும்" என்பார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். நல்ல பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு, அப்பா விட்டுப்போன வீட்டையும் விற்று இதில் போட்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் பையன்களைப் பார்க்கப் போன ஸ்தனிஸ்லாஸ், கிட்டங்கிக்குப் பின்னால் அடுப்பு எரியாமல் கிடப்பதைப் பார்த்தார். உள்ளே டீச்சர் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதை முடிந்தது. இன்னொன்று ஆரம்பித்தது. பிள்ளைகள் எல்லோரும் கதையைக் கேட்காமல் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் சின்ன மகன் விரலைச் சப்பிக்கொண்டு அதே வாசலைப் பார்ப்பதைக் கண்டவர், டீச்சரிடம் ஒன்றும் கேட்காமல் திரும்பினார். மறுநாள் ஒரு சாக்குப் பையை எடுத்துக்கொண்டு முதல் வீட்டு வாசலில் போய் நின்றார்.

அப்படித்தான் பிடியரிசி ஆரம்பித்தது. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைக்கவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஸ்தனிஸ்லாஸ் வந்து வாங்கிக்கொள்வார். இந்து வீடுகளில் செவ்வாய், வெள்ளியில் அரிசியை வெளியே விடமாட்டார்கள் என்பதால் அந்த நாட்களில் மாதா கோவில் தெருப் பக்கமும் துலுக்கத் தெருப் பக்கமும் போவார். யாராவது தயங்கினால் அவரிடம் ஒரு வித்தை இருந்தது. தெருவுக்கே கேட்கிற மாதிரி குரலை உயர்த்துவார்.

"எதுத்த வீட்டுத் தாயி ரெண்டு கையும் நெறையப் போட்டுருக்காக. இந்த வீட்டுக் கை அதவிடப் பெருசுன்னு ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி நிக்கிறீகளே தாயி!"

இதற்கப்புறம் யாரால் வெறுங்கையோடு உள்ளே போக முடியும்? பை நிறைந்தது. அடுப்பு எரிந்தது. டீச்சர் அவருக்கு மாதம் ஏதோ கொஞ்சம் கொடுக்க ஆரம்பித்தார். பையன்கள் தேறினார்கள். ஸ்தனிஸ்லாஸ் தான் ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்று நம்பினார். அது நல்ல காரியம்தான்.

பிறகு மழை பொய்த்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்த வருஷங்கள் அவை. குளங்கள் வெடித்தன. ஊருக்குள் ரேஷன் அரிசியே சரியாக வராதபோது பிடியரிசிப் பானைகள் கவிழ்ந்தன. பள்ளிக்கூடத்திலோ பிள்ளைகள் கூடினார்கள்; பஞ்சத்தில் கஞ்சித் தட்டு வைக்கிற இடத்துக்குக் கூட்டம் வராமல் என்ன செய்யும்? ஸ்தனிஸ்லாஸ் சைக்கிளைப் பழனி ரோட்டில் விட்டார். ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் இருக்கிற ஊர்களில் இன்னும் நெல் இருக்கிறது என்று சந்தையில் சொன்னார்கள். புதன்கிழமை தோறும் அந்தப் பக்கம் என்று ஆயிற்று.

ரோட்டை விட்டு உள்ளே போனால் கரட்டுப்பட்டி. அங்கேதான் அய்யம்மாள் வீடு. தாழ்ந்த கூரை, வாசல் சாணி மெழுகிப் பளிச்சென்று இருக்கும். புருஷன் மலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், சேதி இல்லை. அவளும் மகள் சண்முகவள்ளியும்தான்.

முதல் புதன்கிழமை அய்யம்மாள் தயங்கினாள். "அடுத்த வாரம் பாப்பம்ணே" என்றாள்.

ஸ்தனிஸ்லாஸ் தன் வித்தையை எடுத்தார். பக்கத்து வீட்டு வாசலில் சுந்தரம்மாள் புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கிற மாதிரி, "வாசலைப் பாத்தாலே வீடு தெரியுது. இம்புட்டு லட்சணமா மெழுகிப் போட்ட வாசல்ல வந்து நின்னுட்டு ஒருத்தன் வெறும்பையோட போனான்னா, அது எனக்கில்ல தாயி, இந்த வாசலுக்குல்ல கொறச்சல்!" என்றார்.

அய்யம்மாளின் முகம் சிவந்தது. உள்ளே போனாள். சற்றுப் பொறுத்து மகள்தான் வெளியே வந்தாள். ஏழெட்டு வயதிருக்கும். எண்ணெய் காணாத தலை. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, ஒரு மணி சிந்தாமல் அரிசியைக் கொண்டுவந்து பையில் விட்டாள்.

"யாருக்கு மாமா இது?"

"ஒன்னய மாதிரிப் புள்ளைங்களுக்குத்தேன். எழுதப் படிக்கிற புள்ளைங்க."

"பொம்பளப் புள்ளைங்களும் படிக்குதா?"

"படிக்குதே! ஒன் அரிசியத் தின்னுட்டு ஒரு புள்ள டீச்சராகும் பாரு."

அவள் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் ஓடி வருவாள். "மாமா, அந்தப் புள்ள எந்த எழுத்து வரைக்கும் படிச்சிருச்சு?" என்பாள். அப்படி ஒரு பிள்ளையே கிடையாது. ஸ்தனிஸ்லாஸ் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பார். "ககர வரிசை முடிஞ்சிருச்சு" என்பார். அவளுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். "இந்தக் கரட்டுப்பட்டியிலயே பெரிய கை இந்தச் சின்னக் கைதேன்" என்று ஊர் கேட்கச் சொல்லுவார். அவள் மெலிந்துகொண்டு வந்தது அவர் கண்ணில் படத்தான் செய்தது. அந்த வருஷம் மெலியாத பிள்ளை எது?

ஒரு புதன்கிழமை அவள் ஓடி வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெள்ள வந்தாள். கை நிறைய இல்லை. ஒரு கையில் பாதிதான் இருந்தது. பையில் விட்டபோது அரிசி சலசலக்காமல் சொத்தென்று விழுந்தது. ஸ்தனிஸ்லாஸ் பைக்குள் கைவிட்டுப் பார்த்தார்.

"என்ன தாயி, அரிசி ஈரமா இருக்கு? மத்த அரிசியும்ல கெட்டுப்போகும்" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

 சண்முகவள்ளி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கை ரேகைகளில் வெள்ளையாக அரிசிக் கழுநீர் ஒட்டியிருந்தது. அவர் அந்த ஈர அரிசியைத் தனியாக ஒரு துணியில் முடிந்து, கேரியரில் வெயில் படும்படி வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த புதன்கிழமை மணியடித்தபோது அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் சாணித் தண்ணீர் படவில்லை. சுந்தரம்மாள் கையில் முறத்தோடு தன் வாசலிலிருந்தே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க தாயி, வீட்ல ஆளக் காணோம்?"

"புள்ள செத்துப்போச்சு. சனிக்கெழம."

ஸ்தனிஸ்லாஸுக்கு முதலில் புரியவில்லை. "எந்தப் புள்ள?" என்றார்.

"அந்த வீட்ல எத்தன புள்ள இருக்கு? ரெண்டு நாக் காச்சல். வவுத்துல ஒண்ணுமில்லாத ஒடம்பு காச்சலுக்கு என்னத்தக் குடுக்கும்? அய்யம்மாள அவ அண்ணன்காரன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். எந்தூருன்னு சொல்லல."

"வாரா வாரம் அரிசி போட்டாகளே தாயி..."

சுந்தரம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "மொத வாரம் போக மத்ததெல்லாம் எங்க வீட்டு அரிசி. ஒவ்வொரு புதங்கெழமையும் காலையில அய்யம்மா வந்து ஒரு பிடி வாங்கிட்டுப் போவா. 'அந்த ஆளு தெருவுல வச்சுச் சத்தம் போடுவாருக்கா, மானம் போயிரும்'பா. மத்த நாளு ரெண்டு பேரும் கெழங்கு, கீரைன்னு எதையாச்சும் அவிச்சுக் குடிச்சுக்கிட்டுக் கெடந்தாக. கடேசி வாரம் எங்கிட்டயும் இல்ல. இல்லைன்னுட்டேன். அந்த அரிசி எங்கிட்டு இருந்து வந்துச்சோ, எனக்குத் தெரியாது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குப் பதில் சொல்ல வாய் இருந்தது.

மத்தியானம் கிட்டங்கிக்குத் திரும்பினார். பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய சின்ன மகன் தட்டை வழித்து நக்கிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தான். போன வாரத்து ஈர அரிசியைத் தானே காயவைத்துப் பானையில் தட்டியது நினைவுக்கு வந்தது. அது இந்தத் தட்டுகளில் எந்தத் தட்டுக்குப் போயிற்று? ஸ்தனிஸ்லாஸ் சுவரோரம் குந்தி, நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருமினார். இருமல்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து பட்டப்பகலில் அது ஆரம்பித்தது. வாசல்களில் பையை விரித்துப் பிடிக்கும்போது, யாரும் அரிசி போடுவதற்கு முன்பே பை லேசாகக் கீழே இழுபடும். கைக்குள் ஒரு பிடி கனம் இறங்கும். குனிந்து பார்த்தால் ஒன்றும் இராது. வீட்டில் சகாயராணி அரிசி களைகிற சத்தம் கேட்டால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். ஊறப்போட்ட அரிசியைப் பார்த்தால் அதற்குள் விரல்கள் தெரிந்தன.

ஒருநாள் பள்ளிக்கூடத்துக் கஞ்சி வரிசையில், பின்னாலிருந்து பார்க்க அதே எண்ணெயில்லாத தலையும் அதே ஒட்டிய தோளுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஸ்தனிஸ்லாஸ் தட்டுகளைத் தாண்டிக்கொண்டு ஓடி, "வள்ளி!" என்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார். அது தோல் ஷாப்பில் வேலை செய்யும் குர்ஷித் பேகத்தின் மகள் நஜ்முன்னிசா. பயந்துபோய்த் தட்டைக் கவிழ்த்துவிட்டு வீறிட்டாள். அவளுக்கு வேறு கஞ்சி ஊற்றி, சமாதானம் சொல்லி, டீச்சர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?"

அவர் சொன்னார்.  "சாமியார்கிட்டப் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்க" என்றார் டீச்சர்.

மாதா கோவிலில் சாமியார் முழுக்கக் கேட்டார். "தர்மத்துக்குத்தானப்பா கேட்ட? உன் பிள்ளைக்கு மட்டுமா கேட்ட? நீ அறிஞ்சு செஞ்ச பாவம் எதுவும் இதுல இல்ல" என்று சொல்லி, ஜெபம் சொல்லச் சொன்னார். ஸ்தனிஸ்லாஸ் முழங்காலில் நின்று ஜெபம் சொன்னார். பாவம் இல்லை என்று சொன்ன பிறகும் இறங்காத ஒன்றை எங்கே போய் இறக்குவது என்று தெரியாமல் கோவிலைவிட்டு வெளியே வந்தார். பையைக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்துவிட்டார்.

இரண்டு வாரம் வீட்டில் கிடந்தார். டீச்சர் தானே பையை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனார். அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. பாடம் நடத்துகிற மாதிரிப் பேசினார். பை கால்வாசி நிறைந்தது. மூன்றாவது வாரம் பையன்கள் மத்தியானமே வீடு திரும்பினார்கள். "இன்னைக்குக் கததேன்பா" என்றான் சின்னவன்.

சகாயராணி ஆட்டுக்கல்லில் இருந்து எழுந்து வந்தாள். "ஒங்களுக்கு ஒரு புள்ள கண்ணுல நிக்கிது. எனக்கு அங்க இருக்குற அம்புட்டுப் புள்ளையும் நிக்கிது. நீங்க கண்ண மூடிக்கிட்டுப் படுத்துட்டா யாரு பாக்குறது?" என்று கேட்டுவிட்டு மறுபடி மாவாட்டப் போய்விட்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் பையை வாங்கிக்கொண்டார். ஆனால் பழைய ஸ்தனிஸ்லாஸ் திரும்பவில்லை. குரலை உயர்த்துவதை விட்டுவிட்டார். வாசலில் நின்று பேசுவதையே விட்டுவிட்டார். "தாயி, செத்த உள்ள வரலாமா? ஒரு வாய் தண்ணி குடுங்க" என்று கேட்டு, அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்ப்பார். அடுப்புச் சாம்பலில் சூடு இருக்கிறதா, பானை கவிழ்ந்திருக்கிறதா, பிள்ளைகளின் வயிறு எப்படி இருக்கிறது என்று கண் ஓடும். இருக்கிற வீடு என்றால் வாங்குவார். இல்லாத வீடு என்றால் தண்ணீரைக் குடித்துவிட்டு, "பை கனமா இருக்கு தாயி, சைக்கிள் இழுக்க மாட்டேங்குது. இதச் செத்த வச்சிருங்க, அப்புறமா வாங்கிக்கிறேன்" என்று சொல்லி இரண்டு உழக்கு அரிசியை அங்கே வைத்துவிட்டு வருவார். அதைத் திருப்பி வாங்க அவர் போனதே இல்லை.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. அடுப்பை எட்டிப் பார்க்கிற ஆள் என்று பெயராயிற்று. ஒரு ஊரில் பொன்னழகு என்கிற விவசாயி, பெண்டுகள் இருக்கிற வீட்டுக்குள் தலையை நீட்டுகிறான் என்று அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துத் தள்ளினார். கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்ட ஸ்தனிஸ்லாஸ், "அடிச்சுக்கங்கய்யா. புள்ளைக சாப்ட்டுச்சான்னு மட்டும் சொல்லிருங்க" என்றார். பொன்னழகு ஓங்கிய கையை இறக்கினார். அவருடைய பிள்ளைகள் சாப்பிட்டிருக்கவில்லை.

டீச்சருக்கும் கோபம் வந்தது. "பள்ளிக்கூடத்துக்குன்னு சொல்லி வாங்குறீங்க, வழியெல்லாம் இறைச்சிட்டு வர்றீங்க. இங்க இருக்குற பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஒருதரம் எங்கூட வாங்க டீச்சர். வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

டீச்சர் ஒரு புதன்கிழமை அவரோடு மாட்டு வண்டியில் போனார். பொன்னழகு வீட்டையும், இன்னும் சில வீடுகளையும் பார்த்தார். போகும்போது இருந்த கோபம் திரும்பும்போது இல்லை. அரிசி ஏற்றப் போன வண்டியில் அன்று பிள்ளைகள் ஏறி வந்தார்கள். பொன்னழகின் மூத்த பெண்ணும் அவர்களில் ஒருத்தி. கிட்டங்கியின் ஒரு மூலையைத் தட்டி கட்டி மறைத்து, பாய் விரித்து, பிள்ளைகளை அங்கேயே தங்க வைத்தார்கள். மழை திரும்பி வந்த பிறகும் அந்த மூலை காலியாகவில்லை. தோல் ஷாப்பு முதலாளி ஒருவர் தகரக் கூரை போட்டுக் கொடுத்தார். காந்திகிராமத்தில் படித்த ஒரு பெண் வந்து கூட நின்று பாடம் எடுத்தாள். ஸ்தனிஸ்லாஸின் மூத்த மகன் படிப்பு முடிந்து ரயில்வேயில் வேலைக்குப் போனான்.

வருஷங்கள் ஓடின. தாடி நரைத்தது. அந்த ஒரு பிடி கனம் மட்டும் பையை விட்டு இறங்கவில்லை. கரட்டுப்பட்டிக்குப் போகும்போதெல்லாம் அய்யம்மாளைப் பற்றி விசாரிப்பார். சுந்தரம்மாள் உதட்டைப் பிதுக்குவாள். அந்த வீட்டுக் கூரை இற்று விழுந்து, சுவரில் எருக்கு முளைத்திருந்தது. வெயில் ஏறின நேரத்தில் அந்தப் பக்கம் மணியடிக்க அவருக்குக் கை வராது; ஊர் எல்லையிலேயே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்குப் போனார். ஆட்டு வியாபாரிகளிடம் கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது கொடுப்பார்கள். விடிந்ததும் கூடிய கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. புழுதியும் ஆட்டு மூத்திர வாடையுமாகக் கிடந்த அந்தத் திடலின் ஓரத்தில், புளியமரத்தடியில், ஒருத்தி சோறும் குழம்பும் விற்றுக்கொண்டிருந்தாள். ஸ்தனிஸ்லாஸ் அவளைத் தாண்டிப் போனார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"பிடியரிசி அண்ணனா?"

திரும்பினார். அய்யம்மாள் நரைத்திருந்தாள்; கண் மட்டும் அப்படியே இருந்தது.  அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். 

"நாந்தேன் தாயி," என்றார். "நாந்தேன் ஓம் புள்ளையக் கொன்னவன். எம் பேச்சுதேன் கொன்னுச்சு. இம்புட்டு வருசமா ஒன்னயத் தேடுறேன், இதச் சொல்லத்தேன்."

அய்யம்மாள் அவரை வெறித்துப் பார்த்தாள். ஆட்டுக்காரன் ஒருவன் சோறு கேட்டான். அவனுக்கு அள்ளி வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீங்க ஒங்களயே சொல்லிக்கிறீக. அந்தக் கடேசி அரிசி நாங் குடுத்தனுப்புனதுன்னா நெனச்சீக?"

அவள் குழம்புச் சட்டியை மூடி வைத்தாள்.

"அன்னைக்கு வீட்ல இருந்ததே அம்புட்டுத்தேன். எங்கயோ களை வெட்டி வாங்குனது. அவளுக்குக் கஞ்சி வைக்கலாம்னு ஊறப் போட்டுட்டு வெறகு பெறக்கப் போனேன். நா இல்லாத நேரத்துல மணிச் சத்தம் கேட்டுருக்கு. சட்டியில கைய விட்டு அள்ளிக் கொண்டாந்து குடுத்துருக்கா. திரும்பி வந்து பாக்குறேன், சட்டியில பாதி இல்ல. 'அந்தப் புள்ள படிக்கணும்ல ஆத்தா'ங்குறா. எனக்கு எங்கேருந்துதேன் வந்துச்சோ, வெறகுக் குச்சியாலயே அடிச்சுப்புட்டேன்ணே. அன்னைக்குப் பொழுது சாய காச்சல் வந்துச்சு."

அவள் குரல் நடுங்கவில்லை. பல முறை தனக்குள் சொல்லித் தேய்ந்த பேச்சாக அது வந்தது. ஸ்தனிஸ்லாஸ் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் அந்தப் பிள்ளை தன்னை மட்டும்தான் சுற்றி வருகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். அவளுக்கு ஒரு தாய் இருக்கிறாள், அந்தத் தாயையும் அவள் சுற்றுவாள் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"குச்சிய ஓங்குனது இந்தக் கை. அதுக்கு யாருகிட்டப் போயி மன்னிப்புக் கேக்க?" என்றாள் அய்யம்மாள். பிறகு பக்கத்தில் இருந்த அரிசிச் சாக்கை அவிழ்த்தாள். "பை வச்சிருக்கீகளா?"

"வேணாம் தாயி."

"விரிங்கண்ணே. அவ குடுத்தப்ப நா அடிச்சேன். இன்னைக்கு நானே குடுக்கேன். அவ ஒண்ணும் பயந்துக்கிட்டுக் குடுக்கல, ஆசையாக் குடுத்தா. நாங் குடுத்ததெல்லாம் ஒங்க வாய்க்குப் பயந்து குடுத்தது, அது வேற. அவ குடுத்ததப் பாவம்னு சொல்லி நீங்க கெடுத்துறாதீக."

அவர் பையை விரித்தார். இரண்டு கையும் நிறைய அள்ளிப் போட்டாள். "அந்தப் புள்ள படிச்சு முடிச்சிருச்சா?" என்று கேட்டாள்.

 அப்படி ஒரு பிள்ளை இருந்ததே இல்லை என்று சொல்ல ஸ்தனிஸ்லாஸ் வாயெடுத்தார். அப்போது பொன்னழகின் பெண் நினைவுக்கு வந்தாள். அவள் டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்தாள். "முடிச்சிருச்சு தாயி. டீச்சருக்குப் படிக்குது" என்றார். அது பொய்யா மெய்யா என்று பின்னால் எவ்வளவோ யோசித்தும் அவருக்கு முடிவு தெரியவில்லை. "வந்து பாக்குறியா?" என்று கேட்டார். அவள் திரும்பி அடுத்த ஆளுக்குச் சோறு வைத்தாள்.

ஆனால் வந்தாள். ஆடிக் காற்று புழுதியை வாரி இறைத்த ஒருநாள், ஸ்தனிஸ்லாஸ் வெளியூர் போயிருந்தபோது வந்தாள். சாயங்காலம் அவர் திரும்பியதும் அமலராணி டீச்சர் சொன்னார்.

"ஒரு அம்மா வந்தாங்க, அய்யலூர்லருந்து. பேரு அய்யம்மாள்னு சொன்னாங்க. பிள்ளைங்க சாப்பிடுற வரைக்கும் தூணோரமா உக்காந்திருந்தாங்க. பொம்பளப் பிள்ளைங்க ஒவ்வொருத்தி முகமாப் பாத்துக்கிட்டே வந்தாங்க. எனக்குப் புரிஞ்சிருச்சு. சமையலுக்கு ஆள் வேணும், இங்கயே இருந்துருங்களேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னுச்சு?"

"'இருந்தா நான் தேடிக்கிட்டே இருப்பேன் டீச்சர், வேண்டாம்'னு சொன்னாங்க. கஞ்சியும் குடிக்கல. இப்பத்தான், செத்த முன்னாடி பஸ்ஸுக்குப் போனாங்க."

ஸ்தனிஸ்லாஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு விரைந்தார். திருச்சி ரோட்டு வண்டி புறப்பட்டுப் போயிருந்தது. அடுத்த வியாழக்கிழமை அய்யலூருக்குப் போனபோது புளியமரத்தடியில் வேறொருத்தி கடை வைத்திருந்தாள். அய்யம்மாள் அண்ணன் ஊருக்கே போய்விட்டாள் என்றாள் அவள். எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் கிடைத்து, மத்தியானச் சாப்பாடு அரசாங்கக் கணக்கில் வர ஆரம்பித்ததும் பிடியரிசி நின்றது. இனி வீட்டில் இருங்கள் என்று மகன்கள் சொன்னார்கள். ஸ்தனிஸ்லாஸ் கேட்கவில்லை. பந்தி பரிமாறும் நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அய்யம்மாள் உட்கார்ந்திருந்ததாக டீச்சர் காட்டிய அந்தத் தூணோரத்தில் உட்கார்ந்துகொள்வார். தேடிக்கொண்டே இருக்க நேரும் என்று பயந்து அவள் எழுந்து போய்விட்டாள். அவரால் அப்படிப் போக முடியவில்லை. தட்டுகளின் சத்தம் அடங்கி, பிள்ளைகள் கை கழுவ எழுந்து ஓடும் வரை, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.